காடு வெட்டியவர்களும் கடல் கடந்தவர்களும்: வன்னிப் புனைகதை வந்த வழி

வன்னிப் பெருநிலத்தின் புனைகதை வரலாறு, மனிதர்கள் இடம் மாறிய வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைப் பற்றிக் கதை எழுதியவர்களுள் பலர் இரண்டு பெயர்வுகளில் ஒன்றையேனும் வாழ்ந்து அறிந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியது ஒன்று. 1983 கலவரத்துக்குப் பின் அதே நிலத்தை விட்டு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது மற்றொன்று. வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவர் எழுத்தாளர் ஆகி, பின்பு புலம்பெயர்ந்தவராகவும் ஆன பாதையை அ. பாலமனோகரன், தாமரைச்செல்வி ஆகிய இருவரின் எழுத்து வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. அவர்களுக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பாதையை வேறு திசைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

குளமும் காடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, ஆனையிறவுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் காட்டு நிலமே வன்னி. வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்கள் நெடுங்காலம் ஆண்ட பகுதி இது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் அதே ஆண்டு அக்டோபரில் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றான். அதன்பின் வன்னி ஆட்சியாளர்களின் கணக்கில் ஓர் ஓரமாகிப் போனது. 1895இல் வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கையேடு, உடைந்த குளங்களையும் காய்ச்சலால் மெலிந்த சிற்றூர்களையும் விரிவாகப் பதிந்தது. குளக்கட்டு உடைந்தால் வயல் போகும். வயல் போனால் ஊர் கலையும். ஊர் கலைந்த இடத்தைக் காடு மூடும். வன்னியின் பழைய சிற்றூர்கள் பல இப்படித்தான் மறைந்தன.

20ஆம் நூற்றாண்டில் இந்த ஓட்டம் திரும்பியது. 1905இல் வடக்கு ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டு, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம் 1920களில் நிறைவுற்றது. யாழ்ப்பாணத்தில் காணி குறைந்து சனம் பெருகியதால் 1930களின் நடுப்பகுதியில் கிளிநொச்சியில் அரசு குடியேற்றத் திட்டம் தொடங்கியது. குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் மரம் தறித்து, வேர் கிளப்பி, வரம்பு கட்டி நெல் விதைத்தார்கள். யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்தார்கள். மலேரியாவால் பலர் செத்தார்கள், பலர் திரும்பிப் போனார்கள். 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. தெளிப்பு வந்த பிறகே குடியிருப்புகள் நிலைத்தன.

1950களிலும் 1960களிலும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்கள் திருத்தப்பட்டன. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்கள் அமைந்தன. 1970க்குப் பின் வந்த அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் இத்திட்டங்களில் இருந்த இளைஞர்களின் கையில் முதன்முறையாகக் காசு புரண்டது. இவர்களோடு மலையகத் தமிழரும் வந்து சேர்ந்தார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட அவர்களுள் பலர் 1958, 1977 கலவரங்களுக்குப் பின் பாதுகாப்புத் தேடி வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு நகர்ந்தனர். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு வவுனியாவில் அவர்களுக்குக் குடியிருப்புகளை அமைத்துக் கொடுத்தது.

ஆகவே 1970களின் வன்னியில் மூன்று வகை மக்கள் அருகருகே வாழ்ந்தார்கள். வேட்டையும் தேனும் எருமைப் பட்டியும் வயலுமாகத் தலைமுறை தலைமுறையாக இருந்த பழங்குடிகள் ஒரு சாரார். குடாநாட்டுக் குடியேறிகள் ஒரு சாரார். எல்லாம் இழந்து வந்த மலையகத்தார் இன்னொரு சாரார். இவர்களுக்கிடையே இருந்த உறவும் உரசலும் வன்னிப் புனைகதைக்கு முதல் பொருளாயின.

எழுத வந்த வழி

அக்கால வன்னியில் பெரிய அச்சகமோ பதிப்பகமோ இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் மக்கள்தொகை 77,000க்குச் சற்றே மேல். வவுனியா மாவட்டத்தில் 95,000 பேர். இந்த அளவுள்ள ஒரு நிலத்திலிருந்து நாவலாசிரியர்கள் வந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை பள்ளிக்கூடத்திலும் வானொலியிலும் கொழும்பு நாளிதழ்களிலும் இருக்கிறது.

இலவசக் கல்வி பரவியதும் முள்ளியவளை, தண்ணீரூற்று, பரந்தன் போன்ற ஊர்களில் மேல்வகுப்பு வரை படித்த ஒரு தலைமுறை உருவானது. அவர்களுக்கு எட்டக்கூடிய உத்தியோகம் ஆசிரியத் தொழில். ஆசிரியராக நியமனம் பெற்றவர் தூரத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே அவர் பாடம் சொன்னார், கடிதம் எழுதிக் கொடுத்தார், மனு நிரப்பினார், சண்டையைத் தீர்த்தார். ஊரின் பேச்சும் வழக்கும் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தன. முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் இவ்வகையில் முன்னோடி. பண்டாரவன்னியனை மேடைக்குக் கொண்டுவந்த அவர், பின்னர் நாவலும் எழுதினார். வன்னிக்குத் தனக்கென்று ஒரு கதை உண்டு என்ற எண்ணத்தை அடுத்த தலைமுறைக்கு ஊட்டியவர்களுள் அவர் முக்கியமானவர்.

இலங்கை வானொலியின் 'இசையும் கதையும்' போன்ற நிகழ்ச்சிகளுக்கு எவரும் தபாலில் எழுதி அனுப்பலாம். மின்சாரம் எட்டாத வீடுகளிலும் பற்றரி வானொலி இருந்ததால், கிராமத்தில் எழுதியவரின் பெயர் அதே கிராமத்தில் ஒலித்தது. அடுத்து வீரகேசரி, தினகரன், ஈழநாடு, சிந்தாமணி ஆகிய இதழ்களின் ஞாயிறுப் பக்கங்கள். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும், பிற வட்டாரங்களின் எழுத்துக்கும் இடம் கொடுத்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய வாய்ப்பு வீரகேசரிப் பிரசுரம். 1970இல் பதவிக்கு வந்த அரசு தென்னிந்திய வார இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும், இலங்கைத் தமிழ் வாசகர்களிடம் ஒரு வெற்றிடம் உண்டானது. 1930இல் தொடங்கிய வீரகேசரி நிறுவனம் அதை நிரப்பும் முயற்சியில் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் அச்சிட்டது. நாளிதழை ஊரூராகக் கொண்டுபோன அதே முகவர்கள் நாவல்களையும் கொண்டுபோனார்கள். கொழும்பில் ஒருவரையும் அறியாத ஓர் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி நாடெங்கும் படிக்கப்படும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', வன்னி உழவர் மீதான சுரண்டலைச் சொன்ன அவரது 'காட்டாறு' ஆகியவையும் இந்த அலையில் வந்தவையே. செங்கை ஆழியான் யாழ்ப்பாணத்தவர். அரச நிர்வாக அதிகாரியாக வன்னியை அறிந்தவர். வன்னி மண்ணிலேயே பிறந்தவரின் நாவல் 'காட்டாறு'க்கு முன்பே வந்துவிட்டது.

தண்ணிமுறிப்பிலிருந்து டென்மார்க்குக்கு

அ. பாலமனோகரன் 1942இல் முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றில் பிறந்தார். ஆசிரியராகத் தொழில் செய்தார், 'இளவழகன்' என்ற புனைபெயரிலும் எழுதினார், ஓவியமும் வரைந்தார். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த 'நிலக்கிளி' அவருக்குப் பெயர் தேடித் தந்தது. அந்த ஆண்டுக்கான இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. 'குமாரபுரம்', 'கனவுகள் கலைந்தபோது', 'வட்டம்பூ', 'நந்தாவதி' முதலிய நாவல்கள் அதைத் தொடர்ந்தன.

'நிலக்கிளி' நடக்கும் இடம், காட்டு நடுவில் குளத்தை அண்டிய தண்ணிமுறிப்பு என்ற சிற்றூர். பதஞ்சலி என்ற பெண்ணும் கதிராமன் என்ற இளைஞனும் வீட்டாரின் எதிர்ப்பை மீறி ஒன்றாகிறார்கள். தனியே காடு வெட்டித் தமக்கென ஒரு வாழ்வைத் தேடிக்கொள்கிறார்கள். அவ்வூருக்குப் பாடம் சொல்லித்தர வரும் சுந்தரலிங்கம் என்ற ஆசிரியர் அவர்களுடைய வாழ்வில் புகுகிறார். நல்லெண்ணத்தோடு வந்த படித்த மனிதனும், காட்டைத் தவிர வேறு உலகம் அறியாத பெண்ணும் ஒருவர் மீது ஒருவர் கொள்ளும் நம்பிக்கை, மூவருக்கும் துயரமாக முடிகிறது.

இந்த நாவலின் பலம் அதன் கவனத்தில் இருக்கிறது. கதிராமன் வேட்டைக்குப் போவது, தேன் எடுப்பது, எருமை பிடிப்பது, வயல் திருத்துவது ஆகிய ஒவ்வொன்றும் செய்யத் தெரிந்தவரின் கண்ணால் சொல்லப்படுகிறது. காடு வெறும் பின்னணியாக நிற்கவில்லை. கதைமாந்தரின் முடிவுகள் அதிலிருந்தே பிறக்கின்றன. தலைப்பில் உள்ள பறவை உயரப் பறக்காதது, நிலத்தோடு ஒட்டி வாழ்வது. அந்த இயல்பே கதை மாந்தரின் இயல்பும் ஆகிறது. யாழ்ப்பாணத்து எழுத்தாளர்கள் வன்னியை இரக்கத்தோடோ வியப்போடோ பார்த்த காலத்தில், வெளியிலிருந்து வருபவரால் என்ன நேர்கிறது என்பதை உள்ளேயிருந்து ஒருவர் எழுதியதால் 'நிலக்கிளி' வன்னிப் புனைகதையின் தொடக்கப் புள்ளியாக மதிக்கப்படுகிறது.

பாலமனோகரன் 1984இல் நாட்டை விட்டு டென்மார்க்கில் குடியேறினார். அதே ஆண்டு டிசம்பரில், மணலாற்றுப் பகுதியை ஒட்டிய தமிழ்க் கிராமங்களிலிருந்து மக்கள் விரட்டப்பட்டனர். தண்ணிமுறிப்பும் அவற்றுள் ஒன்று. மலையகத் தமிழர் குடியிருந்த கென்ற் பண்ணையும் டொலர் பண்ணையும் அவ்வாண்டிலேயே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன. காந்தியத்தின் இராஜசுந்தரம் அதற்கு முந்தைய ஆண்டு, 1983 ஜூலையில், வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டிருந்தார். நாவலில் உயிரோடு இருந்த ஊர், நாவலாசிரியர் வெளியேறிய ஆண்டிலேயே வரைபடத்தில் வெறும் பெயராகிவிட்டது. அந்த நாளிலிருந்து 'நிலக்கிளி' ஒரு காதல் கதையாக மட்டும் படிக்கப்படவில்லை. அழிந்துபோன ஓர் ஊரின் வாழ்க்கைமுறைக்குச் சான்றாகவும் அது படிக்கப்படுகிறது.

அக்காலத்தில் டென்மார்க்குக்குத் தமிழர் போனதற்குச் சட்டம் ஒரு காரணம். 1983இல் அந்நாடு இயற்றிய வெளிநாட்டவர் சட்டம் ஐரோப்பாவிலேயே தாராளமானவற்றுள் ஒன்று. அகதியாக ஏற்கப்பட்டவரை டேனிஷ் அகதிகள் சபை பொறுப்பெடுத்து, பதினெட்டு மாதம் மொழியும் சமூக அறிமுகமும் கற்பித்தது. தமிழர்கள் ஒரே நகரில் குவியாமல் யுட்லாந்து தீபகற்பத்தின் சிறு நகரங்களில் பரவிக் குடியமர்ந்தார்கள். ஹேர்னிங்கில் விநாயகர் கோயிலும் பிராண்டவில் அபிராமி அம்மன் கோயிலும் பின்னர் எழுந்தது இதனால்தான். ஆனால் 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் வந்து சேரும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். 'தமிழர் வழக்கு' என்று டென்மார்க் அரசியலில் இன்றும் சொல்லப்படும் அந்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது; 1995இல் நின்-ஹான்சன் குற்றவாளியாகக் காணப்பட்டார். மனைவி மக்களைப் பிரிந்து, கடிதத்துக்காகக் காத்திருந்த மனிதர்களின் நடுவேதான் அங்கே தமிழ் எழுத்து தொடங்கியது.

புலத்தில் எழுதுதல்

ஊரில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்தவர் ஐரோப்பாவில் முதலில் பாத்திரம் கழுவினார், தொழிற்சாலையில் நின்றார், துப்புரவு செய்தார். பகல் மொழி டேனிஷ், ஜெர்மன் அல்லது பிரெஞ்சு. தமிழ், இரவிலும் வார இறுதியிலும் எஞ்சிய நேரத்தின் மொழியானது. வீரகேசரிப் பிரசுரமும் ஞாயிறுப் பக்கமும் இங்கே இல்லை. எழுதவேண்டுமானால் இதழையும் தாமே உண்டாக்கவேண்டியிருந்தது.

அப்படி உண்டாக்கவும் செய்தார்கள். 1980களின் நடுவிலிருந்து கையெழுத்திலும் தட்டச்சிலும் ஆக்கி, படியெடுத்துத் தைத்த சிற்றிதழ்கள் ஐரோப்பிய நகரங்களில் தோன்றின. ஜெர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்', நெதர்லாந்தில் 'அஆஇ', சுவிட்சர்லாந்தில் 'மனிதம்', பாரிஸில் 'ஓசை', 'எக்ஸில்', 'அம்மா' என்று அவை பெருகின. கனடாவில் 1990இல் தொடங்கிய 'காலம்' இன்றும் நினைக்கப்படும் இதழ். 1988இல் ஜெர்மனியின் ஹேர்ண நகரில் கூடிய இலக்கியச் சந்திப்பு, பிறகு நாடு நாடாக மாறி மாறி நடந்தது. அதன் 41ஆவது கூட்டம் 2013இல் யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. 1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ். பொன்னுத்துரையும் தொகுத்த 'பனியும் பனையும்' பல நாடுகளில் சிதறிக் கிடந்த கதைகளை ஒரே நூலாகத் தமிழ் வாசகர் முன் வைத்தது. ஆசிரியர் குழு, போட்டி, பரிசு என்று முன்பு வேறு நிறுவனங்கள் செய்த வேலையை இங்கே நண்பர்களின் சிறு வட்டங்கள் செய்தன. பலருக்கு முதல் வாசகரும் முதல் விமர்சகரும் அடுத்த நகரத்து அகதியாகவே இருந்தார்.

புலத்தில் எழுதியவர் முன் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, வந்துசேர்ந்த நாடு: விசா, அகதி முகாம், குளிர், வேலைத்தலம், வேறு மொழியில் வளரும் பிள்ளைகள். மற்றது, விட்டுவந்த ஊர். உலகெங்கும் குடியேறிய எழுத்தாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நின்றிருக்கிறார்கள். நோர்வேயிலிருந்து 1896இல் அமெரிக்காவுக்குப் போன ஓ. ஈ. ரோல்வாக், டக்கோட்டாப் புல்வெளியை உழுத குடியேறிகளின் பெருநாவலைத் தம் தாய்மொழியிலேயே எழுதினார். அது 1924, 1925 ஆண்டுகளில் ஒஸ்லோவில் இரு பாகங்களாக வெளிவந்து, 1927இல்தான் ஆங்கிலமானது. அவர் எழுதியது புது நிலத்தை உழுதவர்களின் கதை. வன்னியிலிருந்து போனவர்களுக்கோ உழுத நிலம் பின்னால் இருந்தது. காடு வெட்டிய அனுபவமும் கடல் கடந்த அனுபவமும் இரண்டு தனித்தனிக் கண்டங்களில், ஆனால் ஒரே குடும்பத்தின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தன.

குடியேற்றக் கிராமத்தின் மகள்

பாலமனோகரன் வன்னியின் பழைய ஊர்களைச் சேர்ந்தவர் என்றால், தாமரைச்செல்வி அதன் புதிய ஊர்களைச் சேர்ந்தவர். 1953இல் பரந்தன் குமரபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவரது இயற்பெயர் ரதிதேவி. 1970களின் முற்பகுதியில் வானொலிக்கும் வீரகேசரிக்கும் எழுதத் தொடங்கினார். 1977இல் 'சுமைகள்' நாவல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. 'விண்ணில் அல்ல விடிவெள்ளி', 'தாகம்', 'வீதியெல்லாம் தோரணங்கள்' ஆகிய நாவல்களும், 'ஒரு மழைக்கால இரவு', 'அழுவதற்கு நேரமில்லை', 'வன்னியாச்சி' ஆகிய சிறுகதைத் தொகுப்புகளும் அதன்பின் வந்தன.

அவர் கதைகளில் வரும் மனிதர்கள் கமக்காரர்கள், கூலிக்கு நாற்று நடும் பெண்கள், கடனில் விதைநெல் வாங்குபவர்கள், வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்திருப்பவர்கள். 2004இல் வெளியான 'பச்சை வயல் கனவு' கிளிநொச்சிக் குடியேற்றத்தின் கதையையே எடுத்துக்கொண்டது. குடாநாட்டிலிருந்து வந்த முதல் தலைமுறை காட்டோடும் காய்ச்சலோடும் பட்ட பாட்டை, அந்த உழைப்பால் பச்சையான வயல்களில் வளர்ந்த ஒருவர் எழுதினார். குடியேற்ற அதிகாரிகளின் அறிக்கைகளில் ஏக்கரும் வாய்க்காலும் உண்டு. வந்த பெண்கள் முதல் மழைக்காலத்தை எப்படிக் கழித்தார்கள் என்பது அங்கே இல்லை. அந்த இடத்தைப் புனைகதை நிரப்பியது.

அந்த நாவல் எழுதப்படுவதற்கு முன்பே வயல்கள் போர்க்களமாகியிருந்தன. 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய லட்சக்கணக்கானவர்களுள் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தார்கள். 1996 செப்டம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் விழுந்தது. அந்நகரத்து மக்கள் உள்காடுகளை நோக்கிப் போய்த் தறப்பாள் கொட்டில்களில் இருந்தார்கள். 1998 செப்டம்பரில் நகரம் மீண்டும் போராளிகளின் கைக்கு மாறியது. வவுனியா எல்லைக் கதவானது. தெற்கே போகப் பாஸ் வேண்டும். பாஸுக்காகப் பூந்தோட்டம், வேப்பங்குளம் முகாம்களில் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் காகிதத்துக்கும் தட்டுப்பாடு. அப்படியிருந்தும் வன்னியிலிருந்து 'வெளிச்சம்' இதழும் 'ஈழநாதம்' நாளிதழும் வந்தன, கதைகளும் எழுதப்பட்டன. தாமரைச்செல்வியின் போர்க்காலக் கதைகளில் பெரிய நிகழ்ச்சிகள் பின்னுக்கு நிற்கும். அரிசி, தண்ணீர், பிள்ளையின் காய்ச்சல், அடுத்த இடப்பெயர்வுக்குக் கட்டவேண்டிய மூட்டை ஆகியவை முன்னுக்கு வரும்.

2009க்குப் பின்

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி மீண்டும் இராணுவத்திடம் விழுந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. உயிர் தப்பிய ஏறத்தாழ 3 லட்சம் பேர் செட்டிகுளத்தின் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். வெளியே வந்தவர்களுள் ஒரு பகுதியினர் வீடு திரும்பினர். ஒரு பகுதியினர் கடல் வழி புறப்பட்டனர். 2009இல் ஓஷன் லேடி என்ற கப்பல் 76 பேரோடும், 2010 ஓகஸ்டில் சன் சீ என்ற கப்பல் 492 பேரோடும் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தன. இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கிய படகுகள் 2012இல் உச்சம் தொட்டன.

1984இல் போனவர் ஊரின் நினைவைக் கொண்டுபோனார். 2009க்குப் பின் போனவர் பேரழிவின் சாட்சியத்தைக் கொண்டுபோனார். இந்த வேறுபாடு நாவல்களின் வடிவத்தை மாற்றியது. முதலாவதாக, அவை நீண்டன. குணா கவியழகனின் 'நஞ்சுண்ட காடு' 2014இல் வந்தது. 'விடமேறிய கனவு', 'அப்பால் ஒரு நிலம்', 'கர்ப்பநிலம்', 'போருழல் காதை' ஆகியவை சில ஆண்டு இடைவெளிகளுக்குள் தொடர்ந்தன. போராளியின் பயிற்சிக் காடும், வேவுக்குப் போகும் இரவும், தோல்விக்குப் பிந்தைய தடுப்புச் சிறையும் அவற்றில் கதையாயின. சுவிட்சர்லாந்தில் வாழும் சயந்தன் 2015இல் வெளியிட்ட 'ஆதிரை', மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்த குடும்பத்திலிருந்து தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை போகிறது. காந்தியக் காலத்தில் வந்து குடியேறியவர்களின் வாழ்க்கை, தமிழ் நாவலில் இவ்வளவு விரிவான இடம் பெற்றது அரிது. சயந்தன் வன்னியில் பிறந்தவர் அல்லர். ஆயினும் வன்னிக்குள் வந்தவர்களின் கதையை, வெளியே போன ஒருவர் எழுதியதால் இரண்டு பெயர்வுகளும் ஒரே நூலில் சந்தித்தன.

இரண்டாவதாக, பதிப்பின் இடம் மாறியது. முன்பு கொழும்பு செய்த வேலையைச் சென்னை செய்யத் தொடங்கியது. தமிழினி, அகல் போன்ற பதிப்பகங்கள் இந்நூல்களை அச்சிட்டன; சென்னைப் புத்தகக் கண்காட்சி அவற்றின் சந்தையானது. தறப்பாள், பங்கர், கொட்டில், பட்டி, குளக்கட்டு போன்ற வன்னிப் பேச்சின் சொற்கள் தமிழ்நாட்டு வாசகரிடம் விளக்கமின்றிப் போய்ச் சேர்ந்தன. கிளிநொச்சியில் தங்கியிருந்து எழுதிய தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' நாவலும் தமிழினி வெளியீடுதான். போரின் கடைசி மாதங்களை ஒரு மூதாட்டியின் நடையில், நாள் நாளாகச் சொல்லும் அந்நூல், புலத்து நாவல்களுக்கு நிலத்திலிருந்து வந்த இணைச் சாட்சியம். போனவர்கள் எழுதியதையும் நின்றவர்கள் எழுதியதையும் சேர்த்துப் படிக்கும்போதே அந்தக் காலம் முழுமையாகப் புரிகிறது.

போருக்குப் பின் ஆஸ்திரேலியாவுக்குப் போன தாமரைச்செல்வியின் எழுத்தும் இந்தக் கட்டத்தில் திசை மாறியது. 2019இல் வந்த 'உயிர்வாசம்' நாவல், படகில் ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டவர்களின் கடற்பயணத்தையும் அதன்பின் அவர்கள் அனுபவித்த தடுப்பு முகாம் வாழ்வையும் எழுதியது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரத்தில் எழுதத் தொடங்கியவர், அறுபது வயதைக் கடந்து நடுக்கடலைப் பற்றி எழுதினார். கிளிநொச்சிக் குடியேற்றத்தைச் சொன்ன 'பச்சை வயல் கனவு'ம் இதுவும் ஒரே சமூகத்தின் இரண்டு பயணங்கள். முன்னதில் மக்கள் காணி தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். பின்னதில் உயிர் தேடிக் கடலுக்குள் போகிறார்கள். கப்பலில் வந்தவர்களைப் பற்றிக் கனடாவின் ஷாரன் பாலா 2018இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி போட் பீப்பிள்' நாவல், அவர்களை விசாரித்தவர்களின் பக்கமும் நின்று பார்க்கிறது. தமிழில் எழுதியவருக்கு அந்தப் பயணிகள் ஊர்க்காரர்கள். அவர்களுடைய பேச்சும் பயமும் அறிந்தவை.

பாதையின் இயல்பு

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பத் தெரியும் சில உண்மைகள் உண்டு. வன்னியிலிருந்து எழுத்தாளர் ஆனவர்கள் எழுத்தாளர் ஆவதற்காகப் புலம்பெயரவில்லை. பாலமனோகரனும் தாமரைச்செல்வியும் போவதற்கு முன்பே அறியப்பட்ட நாவலாசிரியர்கள். அவர்களை ஆக்கியவை ஊர்ப் பள்ளிக்கூடம், வானொலி, கொழும்பு நாளிதழ், மலிவு விலைப் பிரசுரம் ஆகியவை. போரும் அகதி வாழ்வும் அவர்களிடமிருந்து அந்த நிறுவனங்களைப் பறித்தன. புலத்துச் சிற்றிதழும் இலக்கியச் சந்திப்பும் பின்பு சென்னைப் பதிப்பகமும் அந்த இழப்பை ஓரளவு ஈடு செய்தன. இளையவர்களின் வழி வேறு. முகாமும் கப்பலும் விசாரணை அறையும் கண்டபின், சொல்லாமல் இருக்க முடியாது என்ற நிலையில் பேனா எடுத்தவர்கள் அவர்களுள் பலர்.

ஒரு நாவல் பிழைத்திருப்பதற்கும் இதே அளவு பாடு இருந்தது. வீரகேசரிப் பிரசுரங்களின் பிரதிகள் பல போரில் வீடுகளோடும் நூலகங்களோடும் எரிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேகரித்ததால், 'நிலக்கிளி' போன்றவை டொரொண்டோவிலும் ஒஸ்லோவிலும் முள்ளியவளையிலும் ஒரே நேரத்தில் படிக்கக் கிடைக்கின்றன. கிளிநொச்சியிலேயே இப்போது நூல்கள் பதிப்பிக்கப்படுகின்றன; வெளியே எழுதப்பட்டவை அங்கே அறிமுகக் கூட்டம் காண்கின்றன.

இனி வரும் தலைமுறைக்கு மொழியே பெரிய கேள்வி. டென்மார்க்கிலும் கனடாவிலும் பிறந்த பிள்ளைகள் அந்நாட்டு மொழிகளில் எழுதக்கூடும். வன்னியின் காடும் குளமும் அவர்களுக்குப் பெற்றோர் சொன்ன கதைகளாகவே இருக்கும். வன்னிக்குள் தங்கிய இளைஞர்களோ போருக்குப் பின் திரும்பிய ஊரைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காணி தேடி வந்தவர், உயிர் தேடிப் போனவர், இடம் விட்டு அசையாதவர் ஆகிய மூவரின் எழுத்தும் சேர்ந்ததே வன்னிப் புனைகதை. அவற்றுள் எந்த ஒன்றை ஒதுக்கினாலும் அந்த நிலத்தின் கடந்த நூறாண்டு வரலாறு குறைவுபடும்.